பூட்டிய வீட்டில் நீர்க்காவல்

நெடும்பயணம் புறப்படுவோர் வீட்டைப் பூட்டிய பின் பூட்டை இருமுறை இழுத்துப் பார்ப்பர். சன்னல் தாழ்கள் சரியாக விழுந்தனவா என்று நோக்குவர். நகைகளை வங்கிப் பெட்டகத்தில் வைப்பர். இவையெல்லாம் கள்வருக்கு அஞ்சிச் செய்யும் காவல். ஆனால், எந்தப் பூட்டையும் உடைக்காமல், பூட்டிய வீட்டுக்குள் இருந்துகொண்டே வீட்டைக் கெடுக்க வல்லது ஒன்று உண்டு. அது நாம் நாள்தோறும் பருகியும் குளித்தும் வாழ்கின்ற நீரே.

கள்வன் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துச் செல்வான். நீரோ புத்தகம், துணி, மரச்சாமான், சுவர், மின்கம்பி என்று வேறுபாடு பாராது. கீழ்வீட்டில் குடியிருப்போரையும் விட்டுவைக்காது. தமிழாசிரியர் ஒருவர் முப்பது ஆண்டுகள் தேடிச் சேர்த்த நூல்களைக் கள்வன் தொடமாட்டான். கசிந்து தேங்கிய நீர் அவற்றைச் சில நாள்களில் பூஞ்சணக் குவியலாக்கிவிடும்.

நீர் எக்காலத்திலும் வீட்டுக்கு இத்தகைய பகையாக இருந்ததுண்டா? இல்லை என்கிறது வரலாறு. நீர் வீட்டுக்குள் வந்த வழியும், வீட்டில் மனிதர் தங்கிய முறையும் காலந்தோறும் மாறியிருக்கின்றன. அவ்விரு மாற்றங்களும் ஒன்றுசேர்ந்த இடத்திலேதான் இந்தக் கேடு பிறந்தது. அது பிறந்த கதையை அறிந்தால், அதனைத் தடுக்கும் வழியும் தானே விளங்கும்.

கூரையே காவலான காலம்

பழங்காலத்து வீட்டுக்கு நீர் ஒரே திசையிலிருந்துதான் வந்தது, அஃது வானம். ஆற்றங்கரையில் வாழ்ந்தோர்க்கு மட்டும் ஆறு இரண்டாவது திசையாயிற்று. எனவே, வீடு கட்டியோர் தம் அறிவையெல்லாம் கூரையிலும் தரையின் உயரத்திலும் செலுத்தினர்.

தமிழ்நாட்டின் முற்றம் வைத்த வீட்டை எண்ணிப் பாருங்கள். நாற்புறமும் தாழ்வாரம், நடுவே திறந்த முற்றம். ஓடு வேய்ந்த கூரை முற்றத்தை நோக்கிச் சரியும். விழுந்த மழைநீர் முற்றத்தின் மூலையிலுள்ள தூம்பு வழியே தெருவுக்கு ஓடிவிடும். மழையை வீட்டுக்குள் வரவேற்று, வந்த விருந்தினரை வழியனுப்புவதுபோல் வெளியேற்றிய அமைப்பு அது. ஐப்பசி அடைமழைக்கு முன் ஓடு மாற்றுவதும், கீற்றுக் கூரையைப் புதிதாக வேய்வதும், தூம்பில் அடைந்த சருகை அகற்றுவதும் ஆண்டுதோறும் தவறாத வேலைகள்.

மலாய்க்காரர் வேறொரு வழி கண்டனர். தூண்களின் மேல் வீட்டை உயர்த்திக் கட்டினர். செங்குத்தாகச் சரியும் அத்தாப்புக் கூரை பெருமழையை நொடியில் கீழே தள்ளிவிடும். தரைக்கும் வீட்டுக்கும் நடுவேயுள்ள வெற்றிடம் ஆற்று நீர் பெருகும்போது அதற்கு வழிவிடும். இந்தக் காவலுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை 1926ஆம் ஆண்டின் பெருவெள்ளம் காட்டியது. அவ்வாண்டு டிசம்பரில் கிளந்தான், பகாங் ஆகிய மாநிலங்களின் ஆறுகள் கரைபுரண்டபோது தூண் வீடுகளும் அழிந்தன. கலங்கிச் சிவந்த நீரைக் கண்ட மக்கள் அதனைச் 'செந்நீர் வெள்ளம்' என்னும் பொருளுடைய மலாய்ப் பெயரால் நெடுங்காலம் நினைவில் வைத்திருந்தனர்.

சிங்கப்பூரின் கடைவீடுகளிலும் இந்த அறிவைக் காணலாம். இராபிள்சு 1822இல் வகுத்த நகரத் திட்டம், கடைவீடுகள் செங்கல்லாலும் ஓட்டாலும் அமைய வேண்டும் என்றும், முன்புறத்தில் கூரையிட்ட நடைவழி தொடர்ந்து செல்ல வேண்டும் என்றும் விதித்தது. அதுவே ஐந்தடி நடைபாதையாக வளர்ந்தது. நீண்டு குறுகிய அந்த வீடுகளின் நடுவே வானம் பார்த்த வெளி ஒன்று இருக்கும். நம் முற்றத்தைப் போலவே அங்கும் மழை விழும். விழுந்த நீர் தரையிலுள்ள வடிகால் வழியே வெளியேறும்.

இம்மூன்று வகை வீடுகளுக்கும் பொதுவான செய்தி ஒன்று உண்டு. அவற்றில் எப்போதும் ஆள் இருந்தது. கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் காசிக்குச் சென்றாலும் தாத்தாவோ பெரியம்மாவோ வீட்டில் இருப்பர். கடைவீட்டின் மாடியில் ஊழியர் உறங்குவர். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளில் நகரத்தார் பலர் சேர்ந்து தங்கித் தொழில் செய்தனர். ஏறத்தாழ மூன்று ஆண்டுக் கணக்கு முடித்து ஒருவர் செட்டிநாடு திரும்பினால், அவரிடத்துக்கு மற்றொருவர் வந்துவிடுவார். ஓடு நழுவி நீர் சொட்டினால் கீழே ஒரு பாத்திரத்தை வைக்க ஒரு கை இருந்தது. அந்தக் கையே முதன்மையான காவல்.

சுமந்து வந்த நீர்

வானத்து நீரை வெளியேற்றிய அதே வீடுகளுக்குக் குடிநீர் எவ்வாறு வந்தது? மனிதர் சுமந்து வந்தனர். கிணற்றிலிருந்து குடத்தில் வந்தது. ஊற்றிலிருந்து வண்டியில் வந்தது. சிங்கப்பூரில் 'கிரேத்தா ஆயர்' என்று வழங்கும் பகுதியின் பெயருக்கு மலாய் மொழியில் தண்ணீர் வண்டி என்பதே பொருள். மாடு இழுத்த வண்டிகள் அங்கிருந்து நகருக்கு நீர் கொண்டு சென்ற வரலாறு அப்பெயரில் உறைந்து கிடக்கிறது.

சுமந்து வந்த நீருக்கு ஒரு நல்லியல்பு இருந்தது. அது அளவுக்குட்பட்டது. குடம் உடைந்தால் ஒரு குடம் நீர் தரையில் ஓடும். அதற்கு மேல் ஓடாது. தொட்டியில் விரிசல் விழுந்தால் தொட்டி காலியாகும். அத்துடன் கேடு நிற்கும். வீட்டைவிட்டு வெளியூர் செல்வோர் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டால் போதும். வீட்டில் நீர் இல்லை; ஆகவே நீரால் வரும் அச்சமும் இல்லை.

தோட்டப்புறங்களில் வாழ்ந்த நம்மவர் நிலையும் நெடுங்காலம் இதுவாகவே இருந்தது. லயன் வீடுகளுக்குப் பொதுவான குழாயடியிலிருந்தோ கிணற்றடியிலிருந்தோ வாளியில் நீர் சுமந்தனர். ஊருக்குச் சென்றவரின் வீட்டில் கூரை ஒழுகினால் அடுத்த கதவில் வாழ்ந்தவர் அறிவார். குழாய் உடைந்து வீடு மூழ்குவது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. ஏனெனில் வீட்டுக்குள் குழாயே இல்லை.

குழாய் வந்தது

குழாயில் நீர் கொணர்வது புதுமையன்று. உரோமானியர் ஈயக் குழாய்களில் நகர வீடுகளுக்கு நீர் கொண்டுசென்றனர். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பாம்பெயி நகரை அகழ்ந்தபோது, வீட்டுக் குழாய்களில் வெண்கலத்தால் ஆன திருகு மூடிகள் பொருத்தப்பட்டிருக்கக் கண்டனர். நீர் ஓடிவரும் குழாய் வீட்டுக்குள் நுழைந்த அன்றே அதனை மூடும் கருவியும் கூடவே நுழைந்துவிட்டது என்பதற்கு இது சான்று. கி.பி. 97இல் உரோமின் நீர்வழிகளுக்குத் தலைவராக அமர்த்தப்பட்ட பிராண்டைனசு என்பவர், நீர் எங்கே எவ்வளவு போகிறது என்று கணக்கெடுத்து ஒரு நூலே எழுதிவைத்தார்.

இடைக்காலத்தில் தளர்ந்த இக்கலை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் புத்துயிர் பெற்றது. ஆயினும் இலண்டன் வீடுகளுக்கு முதலில் நாள் முழுதும் நீர் வரவில்லை. நீர்க்கம்பெனிகள் குறித்த நேரத்தில் சிறிது பொழுது மட்டும் நீரை விட்டன. வீட்டார் அதனைத் தொட்டியில் பிடித்து வைத்தனர். தொட்டி நிறைந்ததும் மிதவை மேலெழுந்து நீரைத் தானே அடைக்கும் வால்வு இந்த முறைக்கு ஏற்றதாயிற்று. இன்றும் நம் கழிவறைத் தொட்டியிலும் கூரைத் தொட்டியிலும் வேலை செய்வது இந்த மிதவை வால்வே.

1831இல் தாமசு ஆக்சுலி என்னும் பொறியாளர் நாட்டிங்காம் நகரில் ஒரு மாற்றத்தைச் செய்தார். இரவும் பகலும் இடைவிடாமல், அழுத்தம் குறையாமல் குழாயில் நீர் நிற்கச் செய்தார். 1871ஆம் ஆண்டுச் சட்டம் இலண்டனிலும் இடைவிடாத நீர் வழங்கலுக்கு வழி வகுத்தது. நலவாழ்வுக்கு இது பெரும் நன்மை. அழுத்தம் நிற்கும் குழாயில் வெளி அழுக்கு எளிதில் புகாது. தீப்பற்றினால் அணைக்க நீர் ஆயத்தமாக நிற்கும். இந்த அழுத்தத்தைத் தாங்கப் பழைய அடைப்புக் குழாய் போதவில்லை. 1845இல் இராதராம் நகரின் கெஸ்ட் அண்டு கிரைம்சு நிறுவனத்தார் திருகி இறுக்கும் குழாய்க்குக் காப்புரிமை பெற்றனர். உள்ளே ஒரு சிறு வாஷர். அதனைத் திருகு அழுத்தி நீரை நிறுத்தும். நாம் பல தலைமுறைகளாகப் பயன்படுத்திய பித்தளைக் குழாயின் மூதாதை அதுவே.

இந்த மாற்றத்தின் பொருளைச் சற்று ஆழ்ந்து நோக்க வேண்டும். அதுவரை வீட்டுக்குள் இருந்த நீருக்கு அளவு இருந்தது. இனி அந்த அளவு இல்லை. வீட்டுக் குழாயின் மறுமுனையில் நிற்பது ஒரு தொட்டியன்று, ஒரு நீர்த்தேக்கம். அந்த நீர்த்தேக்கத்துக்கும் நம் புத்தக அலமாரிக்கும் நடுவே காவல் நிற்பது ஒரு காசளவு வாஷர்.

சிங்கப்பூருக்கு இம்முறை மெல்லவே வந்தது. 1857இல் டான் கிம் செங் என்னும் வணிகர் நகர நீர்வசதிக்கென 13,000 வெள்ளி கொடுக்க முன்வந்தார். தாமசன் சாலைப் பகுதியில் நீர்த்தேக்கம் 1868இல் எழுந்தது. ஆயினும் பம்புகளும் குழாய்களும் நிறைவேறி நகருக்கு நீர் வர மேலும் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஆயின. பின்னாளில் அதனை விரிவாக்கிய நகராட்சிப் பொறியாளரின் பெயரால் அது மெக்ரிச்சி நீர்த்தேக்கம் எனப்பட்டது. 1927இல் சொகூருடன் ஒப்பந்தம் ஏற்பட்டு, 1932இல் கூனோங் பூலாய் மலையின் நீர் கடற்பாலத்தின் மேல் குழாய் வழியே தீவுக்கு வந்தது.

ஒரு நகரின் கசிவு

ஆளில்லாத வீட்டில் உடைந்த குழாய் எத்தகைய கேடு தரும் என்பதற்கு வரலாறு ஒரு கொடிய சான்றையும் வைத்திருக்கிறது. 1942 ஜனவரி 31 அன்று பின்வாங்கிய படையினர் கடற்பாலத்தைத் தகர்த்தபோது சொகூர்க் குழாயும் அறுந்தது. தீவின் நீர்த்தேக்கங்களே நம்பிக்கையாயின. பிப்ரவரியில் குண்டுகள் நகர்மேல் விழ விழ, தெருக்களின் பெருங்குழாய்களும் வீடுகளின் சிறுகுழாய்களும் உடைந்தன. இடிந்த வீடுகளில் ஆளில்லை. குழாய்களை மூடவும் கையில்லை. நகருக்குச் செலுத்திய நீரில் பெரும்பகுதி உடைப்புகளின் வழியே வீணே ஓடியது. நீர் இன்னும் ஓரிரு நாள்களே தாங்கும் என்ற செய்தி பிப்ரவரி 15 அன்று நேர்ந்த சரணடைதலுக்கு ஒரு காரணமாயிற்று. நீர்த்தேக்கத்தில் நீர் இருந்தும், அதனை இடையே நிறுத்த முடியாமற்போனது அந்நகரின் துன்பம். அளவில் சிறியதாயினும் பூட்டிய வீட்டின் துன்பமும் அதே வகையினதுதான்.

கப்பலில் சென்ற காலமும் வானூர்தியில் செல்லும் காலமும்

நம் மக்கள் ஊருக்குச் சென்று திரும்பிய வரலாற்றையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 1926இல் கட்டப்பெற்ற ரஜூலா கப்பல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் ஆகியவற்றை இணைத்தது. ஒருவழிப் பயணமே ஏறத்தாழ ஒரு வாரம். இவ்வளவு தொலைவு சென்றவர் இரண்டு மூன்று மாதம் தங்காமல் திரும்பமாட்டார். பயணம் நீண்டது, ஆனால் வீடு பெரும்பாலும் வெறுமையாக இருக்கவில்லை. தம்பி இருப்பார், மைத்துனர் இருப்பார், வாடகைக்கு ஓர் அறையில் நண்பர் இருப்பார்.

இன்று சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வானூர்தியில் நான்கு மணி நேரத்துப் பயணம். பயணம் சுருங்கியது, குடும்பமும் சுருங்கியது. தாய், தந்தை, இரு பிள்ளைகள் ஆகிய நால்வரும் ஒரே நாளில் புறப்பட்டால் வீட்டில் மிஞ்சுவோர் ஒருவருமில்லை. மூன்று மாதம் ஊரில் தங்கிய பாட்டனாரின் வீட்டுக்கு ஒருநாளும் வராத தனிமை, மூன்று வாரம் செல்லும் பேரனின் வீட்டுக்கு வந்துவிட்டது.

காலமும் நமக்கு உதவுவதில்லை. ஆண்டிறுதி விடுமுறையில் ஊருக்குச் செல்வது ஆசிரியர் குடும்பங்களில் பல தலைமுறை வழக்கம். அதே வேளையில்தான் வடகிழக்குப் பருவக்காற்று இங்கே பெருமழையைக் கொண்டு வருகிறது. 1978 டிசம்பர் 2 அன்று சிங்கப்பூரில் ஒரே நாளில் 512 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 2014 டிசம்பரில் கிளந்தானும், 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கும் வெள்ளத்தில் மூழ்கின. பழைய பகையாகிய மழையும் புதிய பகையாகிய குழாயும், ஆளில்லாத வீட்டை ஒரே மாதத்தில் சந்திக்கின்றன.

அடுக்குமாடியும் வரிசை வீடும்

1960இல் சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியபின், வாளி சுமந்த மக்கள் வீட்டுக்குள்ளேயே குழாய் கண்டனர். மலேசியாவில் பெட்டாலிங் ஜெயா போன்ற புதுநகர்களில் வரிசை வீடுகள் பெருகின. பெண்களின் இடுப்பிலிருந்து குடத்தை இறக்கிய இந்த மாற்றத்தைக் குறைகூறுவார் யார்? ஆயினும் ஒவ்வொரு வசதியும் தனக்கென ஒரு காவலைக் கேட்கும்.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். நொடிக்கு ஒரு துளி சொட்டும் குழாய், ஒரு நாளில் 86,400 துளிகளைச் சிந்தும். 20 துளி ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால், அது நாளுக்கு நான்கு லிட்டருக்குச் சற்று மிகுதி. ஒரு மாதத்தில் ஏறத்தாழ 130 லிட்டர். சுவருக்குள் கசிந்தால் மரத்தை உளுக்கச் செய்ய இதுவே போதும். துணி துவைக்கும் இயந்திரத்தின் ரப்பர்க் குழாய் வெடித்து நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடுவதாகக் கொண்டால், ஒரு நாளில் 14,400 லிட்டர். எடையிலே அது பதினான்கு டன்னுக்கு மேல். வீட்டில் ஆளிருந்தால் ஐந்து நிமிடத்தில் மூடிவிடுவர். 50 லிட்டரோடு போய்விடும். ஆகவே, கேட்டின் அளவைத் தீர்மானிப்பது உடைப்பன்று. அதனைக் காணும் வரை கழியும் காலமே.

இவ்வுடைப்பு ஏன் நாம் இல்லாதபோது நேர்கிறது? ஊர் உறங்கும் இரவில் நீர்ப் பயன்பாடு குறைவதால் குழாயில் அழுத்தம் மிகும். பழைய ரப்பர்க் குழாயும் தேய்ந்த வாஷரும் அப்போதே தோற்கும். நீர் வழங்கல் நின்று மீண்டும் வரும் வேளையும் அத்தகையதே; காற்றைத் தள்ளிக்கொண்டு பாயும் நீர் குழாயைத் தாக்கும். நீர் நின்ற நேரத்தில் குழாயைத் திறந்து பார்த்து, வரவில்லை என்று அப்படியே விட்டுச் செல்வதும் பெருங்கேடு. 1963 ஏப்ரல் முதல் ஏறத்தாழப் பத்து மாதம் சிங்கப்பூரிலும், 1998இல் கிள்ளான் பள்ளத்தாக்கிலும், 2014இல் சிலாங்கூரிலும் நீர்ப்பங்கீடு நடந்தது. அத்தகைய நாள்களில் திறந்தபடி விட்ட குழாய், நீர் திரும்பும்போது தன் வேலையைத் தொடங்கிவிடும்.

மலேசிய வரிசை வீடுகளில் இன்னொரு நிலையும் உண்டு. மேற்கூரைக்கும் உட்கூரைக்கும் இடையே நீர்த்தொட்டி இருக்கும். அதன் மிதவை வால்வு சிக்கிக்கொண்டால் நீர் நிரம்பி வழியும். வழியும் நீரை வெளியே கொண்டுசெல்லும் குழாய் அடைபட்டிருந்தால், நீர் உட்கூரையை நனைத்துப் பெயர்த்து வீட்டுக்குள் இறங்கும்.

அடுக்குமாடியில் கேடு ஒருவரோடு நிற்பதில்லை. மேல்வீட்டின் தரை கீழ்வீட்டின் கூரை. சட்டமும் இதனை உணர்ந்திருக்கிறது. சிங்கப்பூரில் தனியார் அடுக்ககங்கள் பற்றிய 2004ஆம் ஆண்டுச் சட்டமும், மலேசியாவில் 2013ஆம் ஆண்டின் அடுக்கக மேலாண்மைச் சட்டமும் ஒரே கருத்தைக் கூறுகின்றன. கீழ்வீட்டின் கூரையில் நீர் கசிந்தால், மாறாக மெய்ப்பிக்கும் வரை, குறை மேல்வீட்டில் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்பது அவற்றின் விதி. வீட்டில் இல்லை என்பது பொறுப்பிலிருந்து விடுதலை தராது.

ஏரி கற்பிக்கும் பாடம்

இதற்கு வழி என்ன? அதற்காக நாம் வெளியே எங்கும் தேட வேண்டுவதில்லை. நம் முன்னோர் ஏரியைக் காத்த முறையிலேயே முழு விடையும் இருக்கிறது.

ஏரிக்கு மூன்று உறுப்புகள் முதன்மையானவை. நீரை அடக்கி நிற்பது கரை. வேண்டும்போது திறந்து, வேண்டாதபோது மூடுவது மதகு. அளவுக்கு மிஞ்சிய நீர் கரையை உடைக்காமல் தானே வெளியேற வழிவிடுவது கலிங்கு. இம்மூன்றும் இருந்தால் மட்டும் போதாது. இவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் குடவோலையால் தேர்ந்தெடுத்த வாரியங்களைக் குறிக்கின்றன. அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். நீரை மூடுவதும் திறப்பதும் ஊரார் பொறுப்பாக ஓராண்டுக்கு ஒப்படைக்கும் அளவு உயர்ந்த பணியாக இருந்தது.

வீடு என்பதும் ஒரு சிற்றேரி. குழாய்களே கரை. மீட்டருக்கு அருகிலுள்ள தலைமை வால்வே மதகு. தொட்டியின் உபரிநீர்க் குழாயும் குளியலறைத் தரையின் வடிகாலும் கலிங்கு. நாம் ஊருக்குச் செல்லும்போது நம் இடத்தில் நின்று பார்க்கும் அண்டை வீட்டாரே வாரியப் பெருமக்கள். இந்த நான்கில் எதை மறந்தாலும் காவல் குறைபட்டதே.

புறப்படுமுன் செய்யத்தக்கவை

முதலாவது, மதகை மூடுதல். வீட்டுக்கு நீர் வரும் தலைமை வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டிலுள்ள பெரியோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். பல ஆண்டு திருப்பாத வால்வு இறுகிப் போயிருக்கும். புறப்படும் நாளன்று வலிந்து திருகினால் உடையவும் கூடும். ஆகையால், இரண்டு வாரம் முன்னதாகவே திருப்பிப் பார்ப்பது அறிவுடைமை. மூடியபின் ஒரு குழாயைத் திறந்து, குழாயில் நின்ற அழுத்தத்தை இறக்கிவிட்டு, மறவாமல் அதனை மூட வேண்டும். கூரைத் தொட்டியுள்ள வீட்டில் இது மட்டும் போதாது. தொட்டியில் சில நூறு லிட்டர் நீர் தங்கியிருக்கும். தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் வால்வையும் மூட வேண்டும். நீர் நின்றபின் வெந்நீர்க் கருவியின் மின்விசையையும் அணைத்துவிட வேண்டும்.

இரண்டாவது, கரையைப் பார்த்தல். வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு நீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எண் மாறியிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. சிங்கப்பூரில் 2022 முதல் பொருத்தத் தொடங்கிய புதுவகை மீட்டர்கள் இத்தகைய கசிவைத் தாமே அறிவிக்க வல்லவை. ஆயினும் அறிவிப்பு மட்டும் நீரை நிறுத்தாது. துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாய் வெடிப்புற்றோ புடைத்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது, கலிங்கைத் திறந்துவைத்தல். கூரையோரத் தகரக் கால்வாயிலும் மேல்மாடத்து வடிகாலிலும் அடைந்த இலைதழைகளை அகற்ற வேண்டும். பூந்தொட்டிக்கடியில் கிடக்கும் துணியோ நெகிழித் தாளோ மழைநீரோடு சென்று வடிகாலை அடைத்தால், மேல்மாடம் குளமாகும். குளம் கூடத்துக்குள் வரும். வடிகால் வளைவில் நிற்கும் சிறிதளவு நீர் தீநாற்றத்தைத் தடுப்பது. 1775இல் அலெக்சாந்தர் கம்மிங் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. நெடுநாள் வறண்டால் அந்தத் தடை நீங்கும். ஆதலால், புறப்படும் நாளில் ஒரு வாளி நீரை வடிகாலில் ஊற்றிவிட்டுச் செல்வது நன்று.

நான்காவது, வாரியம் அமைத்தல். சாவியை நம்பத்தக்க ஒருவரிடம் கொடுத்து, வாரம் ஒருமுறை கதவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வால்வு இருக்கும் இடத்தை வாயால் சொல்வதோடு நில்லாமல் அழைத்துச் சென்று காட்டுங்கள். உங்கள் தொலைபேசி எண் கீழ்வீட்டாரிடமும் இருக்கட்டும். அவர்கள் ஊருக்குச் செல்லும்போது நீங்களும் அவ்வாறே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்நான்கோடு ஒன்று சேர்க்கலாம். திருமணப் பதிவு, குடியுரிமைச் சான்று, பட்டங்கள், பழைய நிழற்படங்கள், கிடைத்தற்கரிய நூல்கள் ஆகியவற்றைத் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். கீழ்த்தட்டில் இருக்கும் நூலே முதலில் நனையும். மேசையும் நாற்காலியும் மீண்டும் வாங்கலாம். தந்தையார் கைப்பட எழுதிய கடிதத்தை எக்கடையிலும் வாங்க முடியாது. திரும்பி வந்தபின் வால்வை மெல்ல மெல்லத் திறந்து, குழாயிலுள்ள காற்றை வெளியேற்றி, கசிவு உண்டா என்று ஒருமுறை சுற்றிப் பார்ப்பதும் மறக்கத்தக்கதன்று.

பள்ளியில் ஏரியும் மதகும் கலிங்கும் பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், மாணவருக்கு ஒரு சிறு வீட்டுப்பாடம் தரலாம். அவரவர் வீட்டு நீர் வால்வு எங்கே இருக்கிறது என்று பெற்றோரைக் கேட்டுக் கண்டறிந்து, அதன் படத்தை வரைந்து வரச் சொல்லுங்கள். பெற்றோர் பலருக்கும் அன்றுதான் அது தெரியவரும். மதகு என்ற சொல்லின் பொருளும் அந்தப் பிள்ளைகளுக்கு நன்கு விளங்கும், அடுத்த விடுமுறைக்கு வீடு பூட்டும்போது, "மதகை மூடிவிட்டீர்களா, அப்பா?" என்று அவர்களே கேட்பர்.